இடுக்கு விட்டு அடுக்கிய கட்டைகள்

செல்வி,

முந்தாநாள் காலையில் நம் முத்திரை குத்திய பேலட்டுகள் துறைமுக வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. 'இந்த மாதிரிச் சின்ன மரக்கிடங்குகள் இன்னும் இரண்டு வருஷத்தில் மூடப்படும்' என்று டில்லியில் உட்கார்ந்துகொண்டு உன் ஆராய்ச்சியில் எழுதி வைத்திருக்கிறாயே, அந்தக் கிடங்குகளில் ஒன்று உன் அப்பனுடையது. அது மூடவில்லை. அடுத்த மாதம் நீ விமானம் ஏறி, ஏழை நாடுகள் எப்படி முன்னேறலாம் என்று யோசனை சொல்லும் உத்தியோகத்துக்குப் போகிறாய். ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டு ஏறு.

இந்தக் கடிதத்தை நம் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். ஆகையால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமாக உனக்கு எழுதும்போது வருகிற திட்டுகளையும் குறைத்திருக்கிறேன். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நமக்கு ஒரு மரக்கிடங்கு. வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும்போது அதைச் சுற்றி அடித்து வருகிற மரப்பெட்டி, கப்பலுக்குள் சரக்கு உருளாமல் முட்டுக் கொடுத்து வருகிற கட்டை, எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து, ஆணி பிடுங்கி, அறுத்து, மறுபடி பேலட்டாக அடித்து விற்கிறோம். பேலட் என்பது சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கிற மரத்தட்டு. தூக்கும் வண்டியின் கொம்புகள் அதற்கு அடியில் நுழைந்துதான் சரக்கைத் தூக்கும். ராயபுரத்தில் சைக்கிள் கேரியரில் பெட்டிப் பலகையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றவன் நான். படிப்பு எட்டாவது. இதில் எனக்கு வெட்கம் கிடையாது. மலரில் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதே கேரியரில் ஆரம்பித்தவர்கள்தான்.

நீ காலேஜில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் ஒரு தியரியோடு வீட்டுக்கு வருவாய். பெட்டியில் துணி இருக்கிறதோ இல்லையோ, தியரி இருக்கும். முதல் தடவை வந்தது விமானத் தியரி. எல்லா நாடுகளும் ஒரே ஓடுபாதையில்தான் ஓடியாக வேண்டும். முதலில் விவசாயம், பிறகு சேமிப்பு, பிறகு பெரிய தொழிற்சாலை, அப்புறம் ஒருநாள் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும் என்றாய். பணக்கார நாடுகள் முன்னாலேயே எழும்பிவிட்டன, நாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம், பெரிய தொழிற்சாலை வந்தால் பணம் மேலிருந்து கீழே சொட்டும் என்றாய். உன் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "எண்ணூர்ல தொழிற்சாலை வந்து எத்தினி வருசம் ஆவுது? இன்னாடி சொட்டிச்சு? எங்க சித்தப்பா வூட்டுக் கெணத்துல எண்ணெதான் சொட்டிச்சு." நாம் மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் நான் அன்றைக்கு உன் பக்கம்தான் என்பது உனக்குத் தெரியாது. சொட்டத்தான் செய்கிறது, கண்ணு. நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறபோது பார்த்திருக்கிறாய். குடம் இல்லாதவளுக்கு லாரி வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். தொழிற்சாலைகள் வெளியே தள்ளிய மரப்பெட்டிகளுக்கு அடியில் நான் என் குடத்தை வைத்தேன். கிணறு கெட்ட உன் அம்மாவின் சித்தப்பாவிடம் குடம் இல்லை. உன் தியரி லாரியைப் பற்றி நிறையச் சொல்லிற்று, குடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது லீவில் அந்தத் தியரியைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஒன்றோடு வந்தாய். கண்ணெல்லாம் கோபம். நாம் பின்னால் ஓடவில்லை, நம்மைப் பின்னாலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேலே போனதே நம் தோளில் ஏறித்தான். நாம் மண்ணையும் மாங்கனீசையும் அனுப்புகிறோம், அவர்கள் மெஷினை அனுப்புகிறார்கள், இந்தக் கணக்கு என்றைக்கும் நமக்கு நேராகாது என்றாய். இதற்கு என்னிடம் சாட்சியே இருந்தது. மெஷின் அவர்களுடையது, மெஷினைச் சுற்றி வந்த மரப்பெட்டி என்னுடையது. அவர்கள் தூக்கிப் போடுகிறதில்தானே நம் குடும்பம் சாப்பிட்டது? அதை நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. "அப்டின்னா கதவ சாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "சாத்திக்கினு நம்ம சொந்தக் கால்ல நிக்கணும் நைனா" என்றாய். கதவு சாத்தியிருந்த காலத்தை நீ பார்த்ததில்லை. ஒரு நல்ல பெட்டிப் பலகைக்காக யானைக்கவுனி மரக்கடைகளில் நான் கெஞ்சி நின்ற காலம் அது. அதே காலத்தில்தான் எதிர்ச் சாரியில் இருந்த லேத் பட்டறைகளெல்லாம் மூன்று ஷிப்டு ஓடின என்பதும் உண்மை. கதவைத் திறந்தார்கள், என் கிடங்கு நிரம்பியது, அந்தப் பட்டறைகளில் பாதி பூட்டியது. ஒரே கதவுதான். ஆகவே எவனாவது வந்து திறந்தால் எல்லோருக்கும் நல்லது என்றோ, சாத்தினால் எல்லோருக்கும் நல்லது என்றோ சொன்னால், அவன் எந்தச் சாரியில் கடை வைத்திருக்கிறான் என்று பார்.

மூன்றாவது தியரி சந்தை. அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டு, போட்டியை மட்டும் விட்டுவிட்டால் விலை தானே சரியாகும் என்று உன் புதுப் பேராசிரியர் சொன்னதாகச் சொன்னாய். உன் அம்மாவுக்குப் புரையேறும் அளவுக்கு நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். துறைமுகத்தில் கட்டை ஏலம் விடுவதற்கு முந்தின சாயங்காலம் நானும் பாஷா பாயும் மற்ற வியாபாரிகளும் ராயபுரம் பாலத்தடி டீக்கடையில் உட்கார்ந்து, நாளைக்கு யார் எடுப்பது, மற்றவர்கள் எங்கே வாயை மூடிக்கொள்வது என்று பேசி முடித்துவிடுவோம். மறுநாள் ஏலத்தில் அத்தனை பேரும் ஆவேசமாகக் கூவுவோம், பார்க்க நாடகம் மாதிரி இருக்கும். உன் சந்தைத் தியரி அந்த ஏலத்தைப் பார்த்தது, டீக்கடையைப் பார்க்கவில்லை. (இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லி சங்கத்திலிருந்து ஆள் வருவார்கள். எடுக்க மாட்டேன். படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த டீயைக் குடித்தவர்கள்தான்.)

இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. நம்மிடம் அதிகமாகப் பேலட் வாங்குகிற ஏற்றுமதிக் கம்பெனியின் மேனேஜர் நேரில் வந்தார். வெளிநாடுகளில் புது விதி போட்டிருக்கிறார்களாம். மரத்துக்குள் இருக்கிற பூச்சி கப்பலேறி வந்து அவர்கள் காட்டை அழித்துவிடக் கூடாதாம். ஆகவே கட்டையின் நடு வயிறு வரைக்கும் சூடு ஏற்றி, அதற்கு அத்தாட்சியாக முத்திரை குத்திய பேலட் இல்லாமல் இனி ஒரு பெட்டிகூடப் போகாது. முத்திரை வைத்திருக்கிற பெரிய கம்பெனி வடக்கே இருக்கிறது, நாங்கள் அங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்த நாட்டுப் பெட்டிகளைப் பிரிக்கும்போது மீசை நீண்ட வண்டுகள் எத்தனையை நான் செருப்பால் அடித்திருக்கிறேன்! அந்த மரத்துக்கு நம்மில் யார் முத்திரை கேட்டோம்?

அன்று மத்தியானம் சாப்பாட்டில் நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"நைனா, மூடிடுங்க. கிடங்க வாடகைக்கு வுட்டாலே ஒங்க ரெண்டு பேருக்கும் போதும். இது பணக்காரன் போடுற வேலி. நம்மள மாதிரி சின்ன ஆளுங்க தாண்ட முடியாது. நான் சொல்லல, நான் படிக்கிற அத்தினி புஸ்தகமும் சொல்லுது."

"அப்போ லூர்து இன்னா பண்ணுவா?"

எண்ணூர் கழிமுகத்தில் மீன் குறைந்துபோனபோது நம்மிடம் ஆணி அடிக்க வந்தவள் லூர்து. அவளுக்குப் பின்னால் அவள் குப்பத்துப் பெண்கள் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஆம்பிளைத் தச்சர்கள் ஒரு பேலட் அடிக்கிற நேரத்தில் அவர்கள் ஒன்றரை அடிப்பார்கள். நாம் வாடகை வாங்கிச் சாப்பிடலாம். அவர்கள் திரும்பிப் போவதற்குக் கழிமுகத்தில் மீன் இல்லை. இதுதான் பணயம், செல்வி. என் பெயர் அல்ல, என் கிடங்கு அல்ல.

"மூடிட்டா ஒன் தியரி கெலிச்சிது. மூடலன்னா எழுதுனத நீயே அடிக்கணும். பெட்டா?" என்றேன்.

"பெட்டு" என்று எச்சில் கையை நீட்டினாய். உன் அம்மா இரண்டு பேர் கையையும் தட்டிவிட்டாள்.

மறுநாளே நான் பாஷா பாய் கிடங்குக்குப் போனேன். ஏலத்தில் கூட்டாளியாக இருந்தாலும், வாடிக்கையைப் பிடிப்பதில் எனக்கும் அவருக்கும் ஜென்மப் பகை, உனக்குத் தெரியும். "பாய், தனியா நின்னா ரெண்டு பேரும் காலி. சேந்து ஒரு சூடு ரூம் கட்டலாம்" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "யாரு எடத்துல?" என்றார். அந்த ஒரு கேள்வியில் மூன்று மாதம் போயிற்று. அவர் இடத்தில் கட்டினால் நான் நம்ப மாட்டேன், என் இடத்தில் கட்டினால் அவர் நம்ப மாட்டார். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்த்து, மணலிச் சாலை ஓரத்தில் மூடிக்கிடந்த ஒரு பழைய வார்ப்படப் பட்டறையைக் குத்தகைக்கு எடுத்தோம். எங்களையும் சேர்த்து எட்டுக் கிடங்குக்காரர்கள் ஆனோம். எந்த வாரம் யாருடைய மரம் உள்ளே போவது என்பதை மாதாமாதம் சீட்டுக் குலுக்கி எடுப்பது என்று முடிவாயிற்று. ஏலத்தில் விலையை அமுக்கக் கற்றுக்கொண்ட அதே டீக்கடையில்தான் இதையும் பேசினோம். கெட்ட காரியத்துக்குப் பழகிய நம்பிக்கை நல்ல காரியத்துக்கும் உதவுகிறது. இதை உன் புத்தகத்தில் எங்கே சேர்ப்பாயோ, சேர்த்துக்கொள்.

அப்போது லூர்து வந்தாள். பெண்களின் சுய உதவிக் குழுவில் போட்டு வைத்திருந்த சேமிப்பையும் அதன்மேல் கிடைக்கிற வங்கிக் கடனையும் சேர்த்து, சூடு ரூமில் அவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றாள். பாஷா பாய்க்கு அதிர்ச்சி. "ஆணி அடிக்கிறவளுக்கு இன்னாத்துக்குமா பங்கு?" என்று கேட்டார்.

"ஆணி இல்லாம ஒன் பேலட்டு நிக்குமா பாய்? நின்னா சொல்லு, நான் வூட்டுக்குப் போறேன்" என்றாள். அதோடு விடவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பி, "இன்னொண்ணு. பங்கு அப்பால. மொதல்ல கக்கூஸ் கட்டு" என்றாள்.

"சூடு ரூம் முடியட்டும் லூர்து. நாலு காசு வரட்டும். அப்பால கட்டலாம்."

"நீ நாலு காசு பாத்து எத்தினி வருசம் ஆவுது? காலைல வந்தா சாய்ந்தரம் வரைக்கும் தண்ணியே குடிக்காம ஆணி அடிக்கிறோம், எதுக்குன்னு நெனைக்கிற? வெயில்ல தல சுத்தும், ஆணி கோணும், நீ கத்துவ. கலீஜா பேச வெக்காத."

எத்தனையோ வருஷமாக அந்தப் பெண்கள் ஏன் தண்ணீர்ப் பானையைத் தொடுவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை. சிக்கனம் என்று நினைத்திருந்தேன். கடைசி லீவில் நீ கொண்டுவந்த தியரி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு நாட்டில் எத்தனை பணம் புரள்கிறது என்று எண்ணாதீர்கள், அங்கே ஒரு மனுஷி என்னவெல்லாம் செய்ய முடிகிறது, எப்படியெல்லாம் இருக்க முடிகிறது என்று பாருங்கள் என்றாயே, அது. முதலில் வளர்ந்துவிட்டு அப்புறம் பகிரலாம் என்பவர்களுக்கும், பகிர்ந்தால்தான் வளர முடியும் என்பவர்களுக்கும் உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது என்றும் சொன்னாய். மணலிச் சாலையில் அந்தச் சண்டையில் லூர்து கெலித்தாள். சூடு ரூமுக்கு முன்னால் கக்கூஸ் எழும்பியது, தண்ணீர்த் தொட்டியோடு; கேட்ட பங்கையும் பெண்கள் குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம். அதற்கப்புறம் கோணலாணி குறைந்தது என்பதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆணி நேராவதற்காகக் கட்டினோம் என்று நீ எழுதிவிடுவாய். கோணினாலும் கட்டியிருக்க வேண்டியதுதான்.

அப்புறம் நடந்ததுதான் அவமானம். சூடு ரூம் தயாராகி, முத்திரைக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரி சோதனைக்கு வந்தார். மரத்தை அடுக்குகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நம் தொழிலில் அடுக்குதான் ஒரு ஆளின் நாணயம் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கட்டையை அடுக்கின் அளவில்தான் விற்கிறோம், வாங்குகிறோம். இத்தனை நீளம், இத்தனை உயரம், இவ்வளவு விலை. உள்ளே இடுக்கு விட்டு அடுக்குகிறவன் காற்றை விற்கிறான் என்று பெயர். அப்படி அடுக்கி மாட்டிக்கொண்டவனோடு அதற்குப் பிறகு யாரும் டீ குடிக்க மாட்டார்கள். என் அடுக்கைப் பார்த்தால் வெளியூர் வியாபாரிகள் உள்ளே எட்டிப் பார்க்காமலே பணம் கொடுப்பார்கள். அந்தப் பெருமையோடு அன்றைக்கு அடுக்கினேன். பாஷா பாய் ஒரு ஊசியை நுழைக்கப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், போவல" என்றார். கதவைச் சாத்தினோம், சூட்டை ஏற்றினோம். வெளிக் கட்டைகள் கைவைக்க முடியாமல் கொதித்தன. நடுவில் இருந்த கட்டைக்குள் செருகியிருந்த, சூட்டை அளக்கிற கம்பியின் முள் மட்டும் நகரவே இல்லை. காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் ஆகியும் நடுக்கட்டை மெரினாவில் காற்று வாங்குகிற மாதிரிக் குளுகுளுவென்று கிடந்தது. அதிகாரி மரியாதையான மனிதர். "சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பத்து நாளில் மூன்று பங்காளிகள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். முத்திரை வந்தால் நம்மிடமே வாங்குகிறேன் என்று இடையில் ஒப்புக்கொண்டிருந்த ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர் போன் பண்ணி, மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன் என்றார். மெஷின் விற்றவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். மெஷினில் கோளாறு இல்லை என்றான். பேஜாராகிவிட்டது. உனக்குப் போன் பண்ணியது சூடு ரூம் பற்றிப் பேச அல்ல, நீ ஜெயித்துவிட்டாய் என்று சொல்லத்தான்.

நீ மட்டும் அன்றைக்கு "சொன்னேன் இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை. அந்த விதியின் இங்கிலீஷ் தாள்களைப் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்து, மறுநாள் கூப்பிட்டுப் போனிலேயே வரி வரியாகப் படித்தாய். ஓர் இடத்தில் நிறுத்தினாய்.

"நைனா, கட்டைய எப்டி அடுக்குனீங்க?"

"எப்டியா? ஊசி நுழையாம அடுக்குனேன். பாய் வெச்சிப் பாத்தாரு."

"ஐயோ நைனா! அதான்!"

"எதான்?"

"சூடு எங்க நைனா போவும்? காத்துதான் சூட்ட உள்ள கொண்டுக்கினு போவணும். நீங்க காத்துக்கு வழியே வுடலியே!"

வாழ்நாள் முழுக்க எதை நாணயம் என்று செய்தேனோ, அதுதான் என் மரத்தை வேகவிடாமல் வைத்திருந்தது. பாஷா பாயிடம் ஓடினேன். வரிசைக்கு வரிசை குச்சி வைத்து, இடுக்கு விட்டு அடுக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாமு, நான் இடுக்கு வுட்டு அடுக்குனேன்னு யானைக்கவுனி வரைக்கும் சேதி போனா என் பேரு இன்னா ஆவுறது? என் வாப்பா பேரு இன்னா ஆவுறது? முத்திரையே வாணாம், வுடு." உன்னிடம் மறுபடி கேட்டபோது நீ கோபப்பட்டாய்: "அறிவியல் நைனா இது! இதுல இன்னா மானம்?" அங்கேதான் நீ தப்பு. பாய் முட்டாள் அல்ல. எட்டு வியாபாரிகளின் மரமும் ஒரே ரூமுக்குள் போகிறது. இடுக்கு விடலாம் என்று ஆரம்பித்தால், யார் எவ்வளவு மரம் கொடுத்தார்கள் என்று எப்படி அளப்பது? அந்த இறுக்கமான அடுக்குதான் எங்களுக்குத் தராசு. தராசைத் தூக்கிப் போடச் சொன்னால் எவன் போடுவான்? நாளைக்கு ஏதோ ஒரு தேசத்தில் உன் யோசனையை ஜனங்கள் கேட்க மறுக்கும்போது, அவர்கள் எந்தத் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று முதலில் விசாரி.

வழியைக் கண்டுபிடித்தது நான்தான், சொல்லிக்கொள்கிறேன். மரம் வந்தவுடன் வாசலில், எல்லோர் கண் முன்னாலும், ஊசி நுழையாமல் அடுக்குவது. அளப்பது. பாய் வந்து ஊசி வைத்துப் பார்ப்பது. பிறகு அதைப் பிரித்து, உள்ளே கொண்டுபோய், குச்சி வைத்து இடுக்கு விட்டு அடுக்குவது. ஒரு மரத்துக்கு இரண்டு தடவை வேலை, இரண்டு தடவை கூலி. நீ வீண்செலவு என்பாய். பழைய ஊருக்குள் புது வழி வருவதற்குக் கொடுக்கிற சுங்கம் அது. கொடுத்தோம்.

அதிகாரி மறுபடி வந்த அன்று பங்காளிகள் எட்டுப் பேரும், லூர்துவின் ஆட்களும், எதிர் டீக்கடைக்காரனும்கூட முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முள் அசைந்தது. "ஏறுது, ஏறுது" என்று யாரோ கத்த, லூர்து "கண்ணு வெக்காதீங்கடா" என்று அதட்டினாள். குறியைத் தொட்டு, அங்கேயே நின்று, அரை மணி நேரம் இறங்காமல் நின்றது. பாஷா பாய், "இன்னாமா இது, இட்லி குண்டா மாதிரி கீது! இத்தினி வருசமா தட்டுக்குத் தட்டு இடுக்கு வுட்டுத்தானே இட்லி வேவுது, நம்ம மூளைக்கு ஏன் எட்டல?" என்று கேட்டுவிட்டு அழுதார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். முத்திரை இரும்பைப் பழுக்கக் காய்ச்சி முதல் பேலட்டில் யார் குத்துவது என்று போட்டி வந்தபோது, சீட்டுக் குலுக்கினோம். பெண்கள் குழுவுக்கு விழுந்தது. லூர்து குத்தினாள். மரம் பொசுங்கிய வாசனை மணலிச் சாலை முழுக்க. வடக்கே இருக்கிற பெரிய கம்பெனியின் முத்திரை அல்ல அது. நம் எண், நம் இரும்பு.

ஆகவே பெட்டில் நான் கெலித்தேன். எழுதியதை அடி. ஆனால் முழுக்க அடிக்காதே. வேலி என்று எழுதியிருக்கிறாயே, அது உண்மை, விட்டுவை. கோபமும் நியாயம், ஆனால் கோபத்தில் அறுப்பு மெஷின் ஓடாது என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொள். 'சின்னவர்கள் தாண்ட முடியாது' என்ற இடத்தை மட்டும் அடித்துவிட்டு, தாண்டினார்கள், அவர்களுக்குள்ளேயே இருந்த ஒருத்தி விதியைப் படித்துச் சொன்னதால் தாண்டினார்கள் என்று எழுது. அந்த ஒருத்தி யார் என்று பரீட்சைக்காரர்கள் கேட்டால் நைனாவின் மகள் என்று சொல். உன் தியரிகளில் எது சரி என்று என்னைக் கேட்டால், எல்லாமே ஒரு பக்கக் கட்டைதான். நெருக்கி அடுக்கினால் எதுவும் வேகாது.

நேற்று மத்தியானம் அந்த மேனேஜர் மறுபடி வந்தார். இந்தத் தடவை காபியை முழுக்கக் குடித்தார். வடக்கத்திக் கம்பெனி கேட்பதைவிடக் குறைத்துக் கொடுக்கச் சொல்லிப் பேரம் பேசினார். நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எந்த விலைக்குக் கீழே இறங்குவதில்லை என்று டீக்கடையில் முந்தின சாயங்காலமே பேசி வைத்திருந்தோம். லூர்துதான் வாயைத் திறந்தாள்: "சாரு, அங்கேர்ந்து லாரி வர்றதுக்குள்ள ஒங்க கப்பலு போய்டும். எங்களாண்ட வாங்கு, கப்பலு போறதுக்குள்ள வரும்." அவர் சிரித்துவிட்டார். சிரித்தவன் இறங்கி வருவான்; வந்தார். பேசி முடித்தது இது: மூன்று வருஷ ஒப்பந்தம், எட்டுக் கிடங்கும் பெண்கள் குழுவும் சேர்ந்து ஒரே கையெழுத்து. முத்திரை நம்முடையது. உடைந்து திரும்பும் பேலட் நமக்கே. பட்டுவாடா பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கடன் கிடையாது. விலை, பேலட் ஒன்றுக்கு முந்நூற்று நாற்பது ரூபாய். ஏற்றுக்கூலி அவர்கள் பாடு.